காத்திருக்குங் கட்டளைகள்: நாணயமாற்று வணிக வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

வணிகம் என்பது இருவர் எதிர்நின்று பேசி முடிக்குஞ் செயல் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், உலக வணிகத்தின் பெரும்பகுதி ஒருவரையொருவர் காணாதாரிடையே நிகழ்வதாகும். வாங்குவோன் ஓரூரில் இருப்பான். விற்போன் வேறோரூரில் இருப்பான். இவருள் ஒருவன் விழித்திருக்கும் வேளை மற்றவன் உறங்கும் வேளையாகவும் இருக்கலாம். தான் இல்லாத இடத்திலும் தான் அறியாத நேரத்திலும் தன் கருத்து நிறைவேறவேண்டும் என விரும்பும் வணிகன், பிறனொருவனிடம் ஒரு நிபந்தனையைச் சொல்லி வைக்கின்றான். "விலை இன்னதாயின் வாங்குக; இன்னதாயின் விற்க" என்பதே அந்நிபந்தனையின் வடிவம். நாணயமாற்றுச் சந்தையில் இத்தகையனவற்றை நிலுவைக் கட்டளைகள் என்பர். இன்று கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தி இளைஞர் பலர் இவற்றை இடுகின்றனர். இவற்றின் வகைகள் யாவை, அவை எச்சூழலில் தோன்றின, அவை தரும் வாக்குறுதி எத்தன்மையது, அவ்வாக்குறுதி பொய்த்த காலங்கள் எவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

கட்டளையின் இலக்கணம்

முதலில் வகைகளைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். ஒரு பவுண் இவ்வேளையில் 1.3000 டொலருக்கு விற்கப்படுகின்றது என்று கொள்வோம். இவ்விலைக்கே உடன் வாங்குக என்பது சந்தைக் கட்டளை, அது காத்திருப்பதன்று. காத்திருப்பன அடிப்படையில் நான்கு. விலை 1.2950 ஆக இறங்கின் வாங்குக என்பது வாங்கும் எல்லைக் கட்டளை. விலை 1.3050 ஆக ஏறின் விற்க என்பது விற்கும் எல்லைக் கட்டளை. விலை 1.3050 ஆக ஏறின் வாங்குக என்பது வாங்கும் நிறுத்தக் கட்டளை. விலை 1.2950 ஆக இறங்கின் விற்க என்பது விற்கும் நிறுத்தக் கட்டளை. வணிகர் வழக்கில் முன்னைய இரண்டும் 'லிமிற்' எனவும், பின்னைய இரண்டும் 'ஸ்டொப்' எனவும் வழங்கும்.

எல்லைக் கட்டளையின் பொருள் எளிதில் விளங்கும். மலிந்தால் வாங்குவதும் உயர்ந்தால் விற்பதும் உலகியற்கை. உயர்ந்தபின் வாங்குவதும் தாழ்ந்தபின் விற்பதும் பேதைமை போலத் தோன்றலாம். ஆயின் அதற்குங் காரணம் உண்டு. விலை உயரும் என்று நம்பிப் பவுணை வாங்கி வைத்திருப்பவன், தன் நம்பிக்கை பிழைத்தால் இழப்பு இவ்வளவோடு நிற்கட்டும் என்று கருதிக் கீழே ஒரு விற்கும் நிறுத்தக் கட்டளையை இடுகின்றான். இதுவே நட்டந் தடுக்குங் கட்டளை. கையில் இல்லாத பவுணை முன்கூட்டியே விற்றவன், அதே காரணம் பற்றி மேலே ஒரு வாங்கும் நிறுத்தக் கட்டளையை இடுகின்றான். ஒரு மட்டத்தைக் கடந்தால் விலை அத்திசையிலேயே மேலுஞ் செல்லும் என நம்புவோரும் இவ்வகையைப் பயன்படுத்துவதுண்டு.

இவ்விரு வகைக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டை நம் இலக்கண அறிவு கொண்டே தெளிவாக்கலாம். எல்லைக் கட்டளையில் விலை என்பது வினையோடு சேர்ந்து நிற்பது: "1.2950க்கு மேற்படாத விலைக்கு வாங்குக." நிறுத்தக் கட்டளையில் விலை என்பது 'செயின்' என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு சேர்ந்து நிற்பது: "விலை 1.2950ஐத் தொடின், கிடைக்கும் விலைக்கு விற்க." முன்னையதில் விலை உறுதி, நிறைவேற்றம் உறுதியன்று. பின்னையதில் நிறைவேற்றமே நோக்கம், விலை உறுதியன்று. குறித்த மட்டம் தொடப்பட்ட கணமே நிறுத்தக் கட்டளை சந்தைக் கட்டளையாக மாறிவிடுகின்றது. அதன்பின் எவ்விலை கிடைப்பினும் ஏற்றுக்கொள்ளவேண்டியதே. இந்நுண்ணிய வேறுபாட்டை உணராமையால் விளைந்த இழப்புகள் எண்ணில.

இரண்டையும் இணைத்த கலப்பு வகையும் உண்டு. விலை ஒரு மட்டத்தைத் தொட்டதும் சந்தைக் கட்டளையாக மாறாமல் எல்லைக் கட்டளையாக மாறுவது நிறுத்த-எல்லைக் கட்டளை எனப்படும். இது தீய விலையிலிருந்து காப்பாற்றும். ஆயின் விலை அவ்வெல்லையையுந் தாண்டி ஓடிவிட்டால் கட்டளை நிறைவேறாது கிடக்கும். இரண்டு கட்டளைகளைச் சேர்த்து இட்டு, ஒன்று நிறைவேறின் மற்றையது தானே நீங்குமாறு செய்தலும் வழக்கு. 2005இல் வெளிவந்த மெற்றா ரேடர் 4 என்னும் கணினிச் செயலி முன்கூறிய நான்கு வகைகளையும் சிறு வணிகர் கைக்குக் கொண்டுவந்தது. 2010இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு கலப்பு வகை இரண்டனையுஞ் சேர்த்து ஆறாக்கிற்று.

கடித காலம்

இவ்விரு வகையுள் மூத்தது எல்லைக் கட்டளையே. இத்தாலி நாட்டுப் பிராற்றோ நகரில் வாழ்ந்து 1410இல் இறந்த பிரான்செஸ்கோ தாத்தினி என்னும் வணிகன் ஏறத்தாழ 1,50,000 கடிதங்களை விட்டுச் சென்றான். புளோரன்ஸ், ஜெனோவா, அவிஞ்ஞோன், பார்சலோனா முதலிய நகர்களிலிருந்த அவனுடைய முகவரிடையே சென்ற அக்கடிதங்கள் பலவற்றின் இறுதியில் அன்றைய நாணயமாற்று வீதங்கள் குறிக்கப்பட்டுள்ளன. கடிதம் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் செல்ல நாள்களும் வாரங்களும் ஆயின. எனவே எழுதுவோன் கண்ட வீதம், படிப்போன் கையில் கடிதஞ் சேரும்போது பழைய வீதமாகிவிடும். இந்நிலையில் "மாற்றுண்டியல் வாங்குக" என்று மாத்திரம் எழுதுதல் அறிவுடைமையாகாது. எவ்விலைக்கு மேற்படின் வாங்கலாகாது என்பதையுஞ் சேர்த்து எழுதவேண்டும். எல்லை குறித்து எழுதுதல் இவ்வாறு தூரத்தின் காரணமாகவும் காலத்தாழ்வின் காரணமாகவும் பிறந்த வழக்காகும்.

நிறுத்தக் கட்டளைக்கு அக்காலத்தில் இடமில்லாமற் போனது ஏன் எனின், அது இடையறாத விலையோட்டத்தை வேண்டி நிற்பது. விலை ஒரு மட்டத்தைத் 'தொட்ட' கணத்தை யாரேனும் ஒருவர் கண்டு உடனே செயற்படவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை விலை அறியுஞ் சமூகத்தில் அக்கணம் என்பதே இல்லை.

அரசு இட்ட கட்டளை

எல்லைக் கட்டளையைத் தனி வணிகர் மாத்திரம் இட்டாரல்லர், அரசுகளும் இட்டன. 1844ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம், தரப் பொன் ஓர் அவுன்சுக்கு 3 பவுண் 17 சிலிங் 9 பென்சு வீதம் கொடுத்து, வருவோர் எவரிடமும் பொன்னை வாங்குமாறு இங்கிலாந்து வங்கியைப் பணித்தது. மறுபுறம், வங்கித் தாளைக் கொண்டுவந்தவர்க்கு 3 பவுண் 17 சிலிங் 10½ பென்சு என்ற கணக்கில் பொன் நாணயம் வழங்கப்பட்டது. இவ்விரு விலைகளையும் வேறொரு நோக்கில் நோக்கின், அவை ஒரு வாங்கும் எல்லைக் கட்டளையும் ஒரு விற்கும் எல்லைக் கட்டளையுமேயாம். அளவு வரையறையில்லை, கால வரையறையுமில்லை, உலகறிய எழுதப்பட்டன. பொன் நியமம் எனப் பெரிதாகப் பேசப்படும் ஒழுங்கு இவ்விரண்டு கட்டளைகளின்மேல் நின்றது. அமெரிக்காவும் தன் டொலரைப் பொன்னுக்கு நிலைப்படுத்தியிருந்தமையால், ஒரு பவுண் 4.8666 டொலர் என்ற சமநிலை, பொன்னைக் கப்பலில் ஏற்றும் செலவின் அளவுக்கு மாத்திரமே ஏறியும் இறங்கியும் நின்றது.

நம் நாட்டைத் தொட்ட எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. 1904இல் இந்தியாவுக்கான அரசுச் செயலர், ரூபாய் ஒன்று 1 சிலிங் 4⅛ பென்சு என்ற விலைக்கு இலண்டனில் அளவின்றி உண்டியல் விற்க உடன்பட்டார். 1908இல் ரூபாய் தளர்ந்தபோது, 1 சிலிங் 3 29⁄32 பென்சு என்ற விலைக்கு இலண்டன்மீதான உண்டியல்கள் இந்தியாவில் விற்கப்பட்டன. மேலும் கீழும் இவ்விரு வேலிகளுக்கிடையே ரூபாய் நடந்தது. கெயின்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1913இல் வெளியிட்ட 'இந்திய நாணயமும் நிதியும்' என்னும் நூல் இவ்வொழுங்கை விரித்துரைப்பது. இலங்கையிலோ, 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபின் அமைந்த நாணயச் சபை, தன் தாள்களை இந்திய ரூபாய்க்கு ஈடாகக் கொடுத்தும் ஏற்றும் வந்தது. ஆகவே இந்திய ரூபாயைக் காத்த அதே கட்டளைகள் இலங்கைத் தேயிலைக் கணக்கையும் காத்தன எனலாம். 1950 ஓகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி தன் பணியைத் தொடங்கியதோடு அச்சபையின் காலம் முடிந்தது.

தந்தியும் நிறுத்தக் கட்டளையும்

1866இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் நிலையான தந்திக் கம்பி இடப்பட்டது. அதுவரை கப்பல் பத்து நாளளவிற் கொண்டுசென்ற வீதச் செய்தி அன்றே சென்றடையலாயிற்று. பவுண்-டொலர் வீதத்தை இன்றும் வணிகர் 'கேபிள்' என்று வழங்குவது அக்கம்பியின் நினைவேயாம். 1867இல் நியூயோர்க்கிலே பங்கு விலைகளை நாடாவில் அச்சிட்டுத் தரும் பொறி அறிமுகமாயிற்று. விலை இடையறாது ஓடத் தொடங்கவே, அதன் ஓட்டத்தை நோக்கிக் காத்திருக்கும் நிறுத்தக் கட்டளைக்கு இடம் பிறந்தது. பங்கு வணிகத்திலும் தானிய வணிகத்திலும் வேரூன்றிய இவ்வழக்கம், நாணயங்கள் நிலைபெயர்ந்த காலத்து நாணயமாற்றுக்கும் ஏற்றதாயிற்று.

நாணயங்கள் நிலைபெயர்ந்தது முதலாம் உலகப் போரின் விளைவாக. மேற்கூறிய கெயின்சே இதற்குச் சான்றாவார். 1920இல் அவர் ஐரோப்பிய நாணயங்கள் வீழும் எனக் கணித்து, சிறிது ஈட்டுப் பணங் கட்டி, மார்க், பிராங், லீரா ஆகியவற்றை முன்விற்றார். கணிப்பு நெடுநோக்கில் தவறன்று. ஆயின் அவ்வாண்டு வசந்தகாலத்தில் அந்நாணயங்கள் சிறிது காலம் ஏறின. அவ்வேற்றத்தைத் தாங்க ஈட்டுப் பணம் போதவில்லை. வணிகத்தைப் பெரு நட்டத்தோடு மூடவேண்டியதாயிற்று. கடன் பெற்று மீண்டும் முயன்றே அவர் இழந்ததை மீட்டார். கடன் கொண்டு வணிகஞ் செய்வோன் நட்டத்துக்குத் தானே ஓரெல்லை வகுக்காவிடின், கடன் கொடுத்தோன் அதனை வகுப்பான் என்பது இந்நிகழ்ச்சியாற் பெறப்படும்.

நிலைத்த வீதம் ஒழிந்தமை

1944 ஜூலையில் பிறெற்றன் வூட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகளின் பேராளர் கூடி வகுத்த ஒழுங்கும் கட்டளை வடிவினதே. ஒவ்வொரு நாடும் தன் நாணயத்தைச் சமநிலை வீதத்தின் இருபுறமும் நூற்றுக்கு ஒன்றென்ற அளவுக்குள் நிறுத்தக் கடமைப்பட்டது. 1949இன்பின் பவுணின் சமநிலை 2.80 டொலர். எனவே 2.78 என்ற விலைக்கு இறங்கின் வாங்குவதும், 2.82 என்ற விலைக்கு ஏறின் விற்பதும் இங்கிலாந்து வங்கியின் கடமையாயின. 1967 நவம்பரில் அக்கடமையைத் தாங்கவொண்ணாது பவுண் 2.40க்குக் குறைக்கப்பட்டது. 1971 ஓகஸ்ட் 15இல் அமெரிக்கச் சனாதிபதி நிக்சன் டொலரைப் பொன்னாக மாற்றுதலை நிறுத்தினார். 1973 மார்ச்சு முதல் முதன்மையான நாணயங்கள் மிதக்கலாயின.

அரசு வேலியைப் பிடுங்கியபின் ஒவ்வொரு வணிகனும் தன் வேலியைத் தானே நடவேண்டியதாயிற்று. 1972 மே 16இல் சிக்காக்கோவில் நாணய எதிர்கால ஒப்பந்தச் சந்தை திறக்கப்பட்டது. 1973இல் றொயிட்டர் நிறுவனம் வங்கிகளின் வீதங்களைத் திரையிற் காட்டத் தொடங்கிற்று. பெருவங்கிகள் வாடிக்கையாளரின் கட்டளைகளை ஏட்டிற் பதிந்து, மாலையில் அவ்வேட்டை வேறொரு கண்டத்திலுள்ள தம் கிளைக்கு ஒப்படைக்கும் வழக்கம் எழுந்தது. தோக்கியோ உறங்கப் போகும்போது இலண்டன் அவ்வேட்டைக் காக்கும். இலண்டன் உறங்கப் போகும்போது நியூயோர்க் காக்கும். காவலன் மாறுவானேயன்றிக் காவல் ஒழிவதில்லை.

இரண்டு வீழ்ச்சிகள்

எல்லைக் கட்டளை எவ்வாறு முறியும் என்பதை 1992உம், நிறுத்தக் கட்டளை எவ்வாறு முறியும் என்பதை 2015உம் நமக்குக் காட்டுகின்றன.

1990 ஒக்ரோபரில் பிரித்தானியா ஐரோப்பிய மாற்றுவீத ஒழுங்கிற் சேர்ந்தது. பவுணின் கீழெல்லை 2.7780 ஜேர்மன் மார்க். 1992 செப்ரெம்பர் 16ஆம் நாள் அவ்விலையில் விற்போர் திரண்டனர். இங்கிலாந்து வங்கி வாங்கிக்கொண்டேயிருந்தது. வட்டிவீதம் 10இலிருந்து 12 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மறுநாள் 15 ஆகும் என்றும் அறிவிக்கப்பட்டது. பயனில்லை. அன்று மாலையே பிரித்தானியா அவ்வொழுங்கினின்றும் விலகிற்று. இதனால் நேர்ந்த இழப்பு 330 கோடி பவுண் எனத் திறைசேரி பின்னாளிற் கணக்கிட்டது. எதிர்நின்று விற்றோருள் ஒருவரான ஜோர்ஜ் சோரோசின் நிதியம் ஏறத்தாழ 100 கோடி டொலர் ஈட்டிற்று. தனி வணிகனின் எல்லைக் கட்டளை மறைவானது. அரசின் கட்டளையோ எல்லாருமறிந்தது. அது முறியின் விற்றவனுக்குப் பெருலாபம். முறியாவிடின் சிறு நட்டம். இத்தகைய சூதில் எப்பக்கம் ஆட்கள் சேர்வர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

சுவிற்சர்லாந்தின் தேசிய வங்கி 2011 செப்ரெம்பர் 6இல் ஒரு யூரோவின் விலையை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்கவிடுவதில்லை என அறிவித்தது. அளவு வரையறையின்றி யூரோவை வாங்குவோம் என்றது. மூன்றாண்டுக்கு மேலாக அவ்வாக்கு நின்றது. அதனை நம்பி யூரோவை வாங்கியோர், காப்பாக 1.20க்குச் சற்றுக் கீழே விற்கும் நிறுத்தக் கட்டளைகளை இட்டிருந்தனர். 2015 ஜனவரி 15ஆம் நாட் காலை அவ்வங்கி முன்னறிவிப்பின்றித் தன் வாக்கைக் கைவிட்டது. 1.20இல் நின்ற பேரளவான வாங்குவோன் மறைந்தான். நிறுத்தக் கட்டளைகள் அனைத்தும் ஒரே கணத்திற் சந்தைக் கட்டளைகளாயின, வாங்குவார் இலர். யூரோ சில நிமிடங்களில் ஒரு பிராங்குக்குங் கீழே வீழ்ந்தது. சற்றுக் கீழே விற்கப்படும் என எண்ணியோரின் யூரோக்கள் மிகக் கீழே விற்கப்பட்டன. கட்டிய ஈட்டுப் பணம் முழுவதையும் இழந்ததன்மேலும் பலர் கடனாளிகளாயினர். இலண்டனிலிருந்த அல்பாரி என்னும் தரகு நிறுவனம் முறிந்தது. அமெரிக்காவின் எவ்.எக்ஸ்.சி.எம். நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் தரவேண்டியதாய் நின்ற தொகை ஏறத்தாழ 22½ கோடி டொலர்; அது 30 கோடி டொலர் கடன் பெற்றே உயிர்தப்பிற்று.

கட்டளைகள் பிழையாக நிறைவேற்றப்பட்டன என்று கூறமுடியாது. "தொடின், கிடைக்கும் விலைக்கு விற்க" என்பதே கட்டளை. கிடைத்த விலைக்கு விற்கப்பட்டது. சொன்னபடியே நடந்தது, எண்ணியபடி நடக்கவில்லை.

முழு எண்களும் நம்பிக்கையும்

நிறுத்தக் கட்டளைகள் ஓரிடத்திற் குவிவது ஏன் என்னும் வினாவுக்குக் கறோல் ஒஸ்லர் என்னும் பொருளியலறிஞர் விடை தேடினார். 1999-2000 காலத்தில் ஒரு பெருவங்கியில் இடப்பட்ட ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கட்டளைகளை ஆராய்ந்து, 2003இல் தம் முடிவை வெளியிட்டார். இலாபங் கருதி இடும் கட்டளைகள் இரு பூச்சியங்களில் முடியும் முழு எண்களிற் குவிகின்றன. நட்டந் தடுக்குங் கட்டளைகளோ, விற்பனவாயின் அவ்வெண்களுக்குச் சற்றுக் கீழும், வாங்குவனவாயின் சற்று மேலுங் குவிகின்றன. விலை முழு எண்ணை அடையும்போது முன்னையவை அதனைத் தடுக்கும். அதனைக் கடந்தாலோ பின்னையவை அதனைத் தள்ளும். எல்லைக் கட்டளை ஓட்டத்துக்கு அணை. நிறுத்தக் கட்டளை அணை உடைந்தபின் வெள்ளத்தோடு சேரும் வெள்ளம். ஒவ்வொருவனுந் தன்னைக் காக்க இட்ட கட்டளை, எல்லாரும் இட்டவிடத்து எல்லாருக்குங் கேடாகின்றது. 2016 ஒக்ரோபர் 7இல் ஆசிய நாடுகளின் காலைப் பொழுதில் பவுண் சில நிமிடங்களில் ஏறத்தாழ 9 விழுக்காடு வீழ்ந்து மீண்டமைக்குரிய காரணங்களுள் இத்தகைய கட்டளைகளும் எண்ணப்பட்டன.

குவிந்திருக்கும் இடத்தை அறிந்தவன் அதனைத் தன் நலத்துக்குப் பயன்படுத்தவுங் கூடும். கட்டளையேடு வங்கியின் கையிலன்றோ இருக்கின்றது! 2014 நவம்பரில் பிரித்தானிய நிதிநடத்தை ஆணையம் ஐந்து பெருவங்கிகளுக்கு 110 கோடி பவுணுக்கு மேற்பட்ட தண்டம் விதித்தது. சாட்டப்பட்ட குற்றங்களுள், வாடிக்கையாளரின் நிறுத்தக் கட்டளைகள் தொடப்படுமாறு வணிகர் வேண்டுமென்றே விலையை நகர்த்த முயன்றமையும் ஒன்று. காவலனிடம் கொடுத்த திறவுகோலே கள்வனுக்கு உதவிய கதை இது. 2017 மேயில் மத்திய வங்கிகளும் வணிக வங்கிகளுங் கூடி வெளியிட்ட உலக நாணயமாற்று நடத்தைக் கோவை, கட்டளைகளை ஏற்போர் அவற்றை எவ்வாறு கையாளவேண்டும் என்பதற்கு நெறி வகுத்தது. 2018இல் ஐரோப்பியப் பங்குச்சந்தை ஆணையம், ஈட்டுப் பணங் கட்டி விலை வேறுபாட்டின்மேல் ஒப்பந்தஞ் செய்யும் சிறு வணிகர் கணக்குகளில் நூற்றுக்கு 74 முதல் 89 வரையானவை நட்டத்திலேயே முடிவதாக எடுத்துக்காட்டியது. முதன்மையான நாணயங்களில் ஈட்டுப் பணத்தின் 30 மடங்குக்கு மேல் வணிகஞ் செய்தலாகாது என்றும், வாடிக்கையாளரின் இழப்பு அவர் கட்டிய பணத்துக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. இவ்விதிகளுள் இறுதியானது, 2015 ஜனவரியில் கடனாளிகளானோரின் துன்பம் கற்பித்த பாடமென்றே கொள்ளத்தகும்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். ஒன்று, கட்டளையின் வகைகள் செய்தித் தொடர்பின் வேகத்தோடு தோன்றியவை: கடிதம் எல்லைக் கட்டளையைத் தந்தது, தந்தியும் விலைப் பொறியும் நிறுத்தக் கட்டளைக்கு வழிவகுத்தன, கணினி அவ்விரண்டின் கலப்பை எல்லார் கைக்குங் கொண்டுவந்தது. இரண்டு, பொன் நியமமும் நிலைத்த வீதமும் அரசு இட்ட எல்லைக் கட்டளைகளேயாதலின், தனி வணிகனின் கட்டளைக்குள்ள வலிமையும் வலுவின்மையும் அரசுக்கும் உண்டு. மூன்று, எக்கட்டளையும் மறுபுறத்தில் ஒருவன் இருக்கும்வரையே கட்டளையாகும். வாங்குவான் இல்லாத சந்தையில் "விற்க" என்னுஞ் சொல்லுக்குப் பொருளில்லை.

திரையில் எண் ஒன்றைக் குறித்துவிட்டுக் காப்பு அமைந்தது என உறங்கச் செல்லும் இளைஞன் இம்மூன்றாவது உண்மையைச் சிறப்பாக உளங்கொள்ளுதல் வேண்டும். அவன் குறித்தது சந்தைக்கு இட்ட ஆணையன்று. சந்தையிடம் விடுத்த வேண்டுகோள். அவ்வேண்டுகோளில் எதனை உறுதியாகக் கேட்டான், எதனை விட்டுக்கொடுத்தான் என்பதை அறிந்து கேட்டானாயின், இழப்பு நேரினும் அது அவன் அளந்த இழப்பாகும். அறியாது கேட்டானாயின், இழப்பின் அளவைப் பிறரே வகுப்பர்.